ஃபிப்த் வீல் பின்னால், கயாக் எங்கே? கேள்வி பதில்

12 வருஷமாக 34 அடி ஃபிப்த் வீல் டிரெய்லரை, அதாவது பிக்கப்பின் பின்தொட்டியில் மாட்டி இழுக்கிற வீட்டு வண்டியை, அமெரிக்க நெடுஞ்சாலைகளில் இழுத்துக்கொண்டு திரிகிறேன். கூடவே இரண்டு கயாக், துடுப்புப் போடுகிற ஒல்லியான சின்னப் படகுகள். "கயாக்கை எங்கே கட்டுகிறீர்கள்?" என்று எந்த கேம்ப்கிரவுண்டிலும் யாராவது கேட்டுவிடுவார்கள். இந்த முறை நம்மவர்களின் கேள்விகள்.

டல்லாஸிலிருந்து: அண்ணா, இதுவரை சாதாரண டிரெய்லர்தான். கயாக்கைப் பிக்கப்பின் பின்தொட்டியில் போட்டுவிடுவோம். ஃபிப்த் வீலுக்கு மாறினால் என்ன மாறும்?

அந்தத் தொட்டியே போய்விடும், தம்பி. டிரெய்லரைப் பிடித்துக்கொள்கிற ஹிட்ச் அதன் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். டிரெய்லர் மூக்கின் அடியில் இருக்கிற தடித்த இரும்பு முளை, அதாவது கிங்பின், அதில் மாட்டும், படுக்கையறை மூக்கு தொட்டிக்கு மேலேயே வந்து நிற்கும். டிரெய்லர் வாங்குகிற முன்பே கயாக்குக்கு இடம் யோசித்துவிடுங்கள். நாங்கள் யோசிக்கவில்லை.

டெட்ராய்ட்டிலிருந்து: கேபின் கூரையில் ரேக் போட்டிருக்கிறேன். 12 அடி கயாக். பின்பக்கம் ஓரடி நீட்டிக்கொண்டிருந்தால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்றுதான் நானும் நினைத்தேன். வண்டி நேராக நிற்கும்போது கேபினுக்கும் டிரெய்லர் மூக்குக்கும் நடுவில் இரண்டு அடிக்கு மேல் இடைவெளி தெரியும். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. முதல் வருஷம் ஒரு பெட்ரோல் பங்கில் வலதுபக்கம் ஒடித்துத் திருப்பினேன். அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் டிரெய்லர் மூக்கின் ஃபைபர் உடைந்து, ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. கயாக்கில் ஒரு கீறல், அவ்வளவுதான். தடித்த பிளாஸ்டிக் இல்லையா!

கணக்கு இதுதான். டிரெய்லரின் அகலம் எட்டரை அடி, அதில் பாதி 51 அங்குலம். முழுசாகத் திருப்பினால் டிரெய்லரின் பக்கச்சுவர் கிங்பின்னுக்கு முன்னால் 51 அங்குலம் வரை வந்துவிடும். என் நீளத் தொட்டி வண்டியில் ஹிட்ச் நடுவிலிருந்து கேபினின் பின்சுவர் வரை 55 அங்குலம். மிச்சம் நாலே அங்குலம்! மூக்கின் ஓரங்களை வளைத்துத்தான் கட்டியிருப்பார்கள், ஆனாலும் அதை நம்பி ஓரடி நீட்ட முடியாது. குட்டைத் தொட்டி வண்டிக்கு இந்த நாலு அங்குலமும் கிடையாது. திரும்பும்போது பின்னுக்கு நகர்கிற ஹிட்ச் விற்பதே அதனால்தான்.

ஆகவே கயாக்கை முன்னுக்குத் தள்ளுங்கள். என் நாலு கதவு வண்டியில் முன் பம்பரிலிருந்து கேபின் பின்சுவர் வரை 13 அடிக்கு மேல் இருக்கிறது. 12 அடி கயாக் அதற்குள் அடங்கும். ஆனால் அதைக் கூரைக் கம்பி இரண்டை மட்டும் நம்பிக் கட்டினால் காற்று முன்பக்கத்தைத் தூக்கும். முன் பம்பருக்குக் கீழே ஒரு ரிசீவர் (தூண், ரேக் எல்லாம் செருகுகிற சதுர இரும்புக் குழாய்) போட்டு, அதில் டி வடிவத் தூண் நட்டு, கயாக்கின் முன்பாதியை அதன்மேல் வையுங்கள். ஒரே தொல்லை, கயாக்கை இறக்காமல் பானெட்டைத் திறக்க முடியாது. கயாக்கைக் கட்டுகிறதற்கு முன்பே எஞ்சின் ஆயிலைப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

அட்லாண்டாவிலிருந்து: டிரெய்லரின் பின்னால் நிமிர்த்தி நிறுத்துகிற ரேக் பார்த்தேன். எடை பின்னால் போனால் டிரெய்லர் ஆடாதா, சார்?

ஆட்டத்தைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். கிங்பின்மேல் எடை ரொம்பக் குறைந்தால்தான் அந்தப் பயம். கயாக் ஒவ்வொன்றும் 55 பவுண்டு, ரேக் 80 பவுண்டு, மொத்தம் 190 என்று வையுங்கள். அது சக்கர அச்சிலிருந்து 12 அடி பின்னால், கிங்பின் 20 அடி முன்னால் என்றால் கிங்பின்மேல் விழுகிற எடை 114 பவுண்டுதான் குறையும். என் டிரெய்லர் 12,000 பவுண்டு. அதில் ஐந்தில் ஒரு பங்கு, 2,400 பவுண்டு, கிங்பின்மேல் இருக்கிறது. 114 பெரிய விஷயமில்லை.

பயப்பட வேண்டியது பின் சட்டத்தைப் பற்றி. டிரெய்லரின் கடைசி முனைதான் குழியில் அதிகமாகக் குதிக்கிற இடம். 190 பவுண்டு அங்கே ஒவ்வொரு குதிப்பிலும் பல மடங்காக அடிக்கும். பின் பம்பர் பெரும்பாலும் மெல்லிய சதுரக் குழாய். அதில் ரேக்கை மாட்டவே மாட்டாதீர்கள். பிரதான சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்த ரிசீவர் வேண்டும், அது எவ்வளவு தாங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். முதல் 100 மைலுக்கு அப்புறம் நிறுத்தி வெல்டைக் கையால் தடவிப் பாருங்கள். கயாக் விளக்கையும் நம்பர் பிளேட்டையும் மறைக்கக்கூடாது.

உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். 12 அடி கயாக்கைத் தரையிலிருந்து இரண்டு அடி தூக்கி நிறுத்தினால் 14 அடி. டிரெய்லரையே தாண்டிவிடும்! இந்த வேலைக்கு 10 அடி கயாக்தான் லாயக்கு.

அதே வாசகர்: பின்பக்க ஏணியில் கட்டினால்?

வேண்டாம். அது ஒரு ஆள் ஏறி இறங்குவதற்கு மட்டும்.

சார்லட்டிலிருந்து: டிரெய்லர் கூரைமேல் போட்டால் யாருக்கும் தொல்லை இல்லையே, அங்கிள்?

ஃபிப்த் வீலின் உயரமே 13 அடியை ஒட்டி இருக்கும். கிழக்கு மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் வரம்பு 13 அடி 6 அங்குலம், மேற்கில் பல இடங்களில் 14. கயாக்குக்கு அதில் எங்கே இடம்? உங்கள் வட கரோலினாவிலேயே டர்ஹமில் 11 அடி 8 அங்குல ரயில் பாலம் இருந்தது. எத்தனை லாரிகளின் கூரையை உரித்தது என்று இணையத்தில் வீடியோ வீடியோவாகக் கிடக்கிறது. 2019-இல் தூக்கிக் கட்டினார்கள். இப்போதும் 12 அடி 4 அங்குலம்தான், இன்னமும் இடித்துக்கொள்கிறார்கள். 13 அடி உயரத்துக்கு 55 பவுண்டைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற வயசும் எனக்கில்லை.

கிராண்ட் ராபிட்ஸிலிருந்து: ஃபிப்த் வீலுக்குப் பின்னால் இன்னொரு சின்ன டிரெய்லர் மாட்டி அதில் கயாக் வைக்கலாமா?

உங்கள் மிச்சிகனில் பிக்கப்போடு ஃபிப்த் வீல் என்றால் அனுமதி உண்டு, மொத்த நீளத்துக்கு வரம்பு இருக்கிறது. எல்லை தாண்டினால் கதை வேறு. அடியோடு தடை செய்த மாநிலங்களும் உண்டு. மேலும், இரண்டு டிரெய்லரை ஒன்றாக ரிவர்ஸ் எடுக்க முடியாது. பெட்ரோல் பங்கில் தவறான வரிசையில் நுழைந்தால் பின் டிரெய்லரைக் கழற்றித்தான் வெளியே வரவேண்டும்.

சான் ஹோசேயிலிருந்து: காற்றடைக்கிற கயாக் பொம்மை மாதிரித் தெரிகிறது. வாங்கலாமா, அண்ணா?

ஏரியில் சாயங்காலம் ஒரு சுற்று என்றால் தாராளமாக. பையில் மடித்து டிரெய்லரின் கீழறையில் வைத்துவிடலாம், மேலே சொன்ன எந்தத் தலைவலியும் இல்லை. காற்று அதிகமானால் பக்கவாட்டில் தள்ளும், அது உண்மை. கரையேறியதும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். வெயிலில் கிடந்தால் உள்ளே அழுத்தம் ஏறித் தையல் பிரியும். என் வீட்டுக்காரி இதற்கு மாறிவிட்டாள். அவளுடையது 20 நிமிஷத்தில் தண்ணீரில். நான் அப்போதும் பட்டையை அவிழ்த்துக்கொண்டு நிற்பேன்.

ஃபீனிக்ஸிலிருந்து: பட்டை கட்டினால் 60 மைல் வேகத்தில் ஊளையிடுகிறது. இன்னும் இறுக்கவா?

இறுக்காதீர்கள். பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுக் கட்டுங்கள், சத்தம் நின்றுவிடும். கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்குகிற ராட்செட் பட்டையும் வேண்டாம். உங்கள் ஊர் வெயிலில் பிளாஸ்டிக் இளகும், அதைப் போட்டு இறுக்கினால் அடிப்பகுதி குழிந்துவிடும். கையால் இழுத்துக் கட்டுகிற பக்கிள் பட்டையே போதும். முன்முனையையும் பின்முனையையும் தனியாகக் கயிறு போட்டுக் கட்ட மறக்காதீர்கள்.

சியாட்டிலிலிருந்து: ஐடஹோ வழியாக மொன்டானா போகிறோம். கயாக்குக்குமா சோதனை?

ஆமாம். மொன்டானாவில் சோதனைச் சாவடி திறந்திருந்தால் கயாக் வைத்திருப்பவரும் நிற்கத்தான் வேண்டும். ஐடஹோவில் துடுப்புப் படகுக்கும் ஸ்டிக்கர் வாங்கி ஒட்ட வேண்டும். 10 அடிக்குள் இருக்கிற காற்றுப் படகுக்கு விலக்கு. எல்லாம் படகில் ஒட்டிக்கொண்டு ஏரிக்கு ஏரி பரவுகிற குவாகா, ஜீப்ரா என்கிற விரல்நகம் அளவு சிப்பிகளால் வந்த வினை. 2007-இல் நெவாடா, அரிசோனா எல்லையில் இருக்கிற லேக் மீட் ஏரியில் குவாகா தென்பட்டதிலிருந்து மேற்கத்திய மாநிலங்கள் ரொம்பக் கறாராகிவிட்டன. கயாக்கைக் கழுவி, தண்ணீரை வடித்து, உள்ளே துணியால் துடைத்து எடுத்துப் போங்கள். காய்ந்த கயாக் என்றால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள். உட்காரும் இடத்துக்கு அடியில் ஒரு கை தண்ணீர் நின்றாலும் அதைக் காட்டிக் கேள்வி வரும். நான் ஒருமுறை பின்னால் வரிசை கட்டி நிற்க, ஸ்பாஞ்ச் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தேன்.