ஆயில் இன்ஜின் சிலிண்டர் பிளாக்கை மண் அச்சில் எப்படி வார்க்கிறார்கள்? போரிங் போடும்போது (சிலிண்டரின் உட்புறத்தைக் கடையும்போது) ஓட்டை தெரிவது ஏன்?

போரிங்கில் ஓட்டை தெரிந்தால் எல்லாரும் இரும்பைத் திட்டுவாங்க. முதலில் பார்க்க வேண்டியது மண்ணில் இருக்கும் தண்ணீர்.

பேட்டர்னை (மண்ணில் அச்சு பதிக்கும் மாதிரி) மீட்டருக்கு 10 மி.மீ. பெரிசாகச் செய்வாங்க, இரும்பு ஆறும்போது அவ்வளவு சுருங்கும். மெஷினிங்குக்கு (வார்த்த பிறகு கடைந்து எடுப்பதற்கு) 3 மி.மீ. தனி. புது மண் என்றால் 100 கிலோவுக்கு பென்டோனைட் (மண்ணைப் பிடித்து வைக்கும் களிமண்) 7-8 கிலோ, கரித்தூள் 3-4 கிலோ, தண்ணீர் 3-4 லிட்டர். திரும்பி வரும் மண்ணுக்குக் குறைந்ததை மட்டும் சேர்த்தால் போதும். ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்து உடைங்க: விரல் ரேகை பதிந்திருக்கணும், உடைந்த ஓரம் கூராக நிற்கணும், கையில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் ஈரம் அதிகம். ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மி.லி. ஆகும். வெளியேற வழியில்லை என்றால் அது இரும்புக்குள்தான் போகும்.

தண்ணீர் ஜாக்கெட்டுக்கு (சிலிண்டரைச் சுற்றிக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் வெற்றிடம்) அச்சுக்கு உள்ளே கோர் (அந்த வெற்றிடத்தை உண்டாக்கும் மணல் கட்டி) வைக்கணும். சிஓடூ கோர் (கார்பன் டை ஆக்சைடு கேஸ் விட்டு இறுக வைப்பது) என்றால் மணலில் சோடியம் சிலிக்கேட் 4-5 சதவீதம். கேஸை அதிகம் விட்டால் நாள்பட உதிரும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிச் சாரல் அடிக்கும் நாளில் கோர் ஈரத்தை இழுத்துக்கும். ஊற்றும் முன் சூடு காட்டாமல் வைக்காதீங்க. கோரின் காற்றுத்துளை அச்சுக்கு வெளியே வரை திறந்திருக்கணும். ஒரு கிலோ கோரை இரும்பு சுமார் மூன்றரை கிலோ விசையில் மேலே தூக்கும். சேப்லெட் (கோரை இடத்தில் நிறுத்தும் சின்ன உலோகத் தாங்கி) சரியாக நிற்காவிட்டால் ஒரு பக்கச் சுவர் மெலிந்துவிடும்.

மேல் பாக்ஸுக்கு (அச்சின் மேல் பாதிப் பெட்டி) எடை வைப்பதில் பலரும் கஞ்சத்தனம் பண்றாங்க. 40 × 50 செ.மீ. பரப்புக்கு மேலே 20 செ.மீ. உயரம் இரும்பு நின்றால் தூக்கும் விசை 280 கிலோ, கோர் தூக்குவது தனி. கிளாம்ப் இல்லாவிட்டால் ஜாயின்ட்டில் ஒழுகும்.

மெல்லிய சுவருக்கு 1,380-1,400 டிகிரியில் ஊற்றணும். குறைந்தால் இரண்டு பக்கத்திலிருந்து வரும் இரும்பு சேராமல் கோடு விழும். லேடிலில் (உருகிய இரும்பை ஊற்றும் கரண்டி) ஃபெர்ரோசிலிக்கான் (ஓரம் வெள்ளை இரும்பாகாமல் தடுக்கும் கலவை) 0.2-0.3 சதவீதம் போட்டால் சீக்கிரம் ஊற்றிவிடுங்க. தாமதித்தால் ஓரம் மிகக் கடினமான வெள்ளை இரும்பாகி டூல் தேயும்.

ஓட்டையின் உட்புறம் வழவழப்பாகப் பளபளத்தால் கேஸ். சொரசொரப்பாக மரக்கிளை போல இருந்தால் சுருக்கம், ரைசரை (சுருங்கும்போது இரும்பு கொடுக்கும் தேக்கம்) பாருங்க. மணல் துகள் இருந்தால் அச்சு உதிர்ந்திருக்கு.