சிவப்பு ஓநாயும் மாணவர்களும்

கேள்வி: அமெரிக்காவில் அழியும் நிலையிலுள்ள சிவப்பு ஓநாயைக் காப்பதில் கால்நடை மருத்துவ மாணவர்களுக்கும் பங்கு உண்டாமே? படிப்பை முடிக்காதவர்களால் கூண்டைக் கழுவுவதைத் தவிர வேறென்ன செய்துவிட முடியும்?
– கால்நடை மருத்துவ மாணவி, நாமக்கல்

பதில்: கழுவுவதும் உண்டு, அதை இளக்காரமாக எண்ண வேண்டாம். 1980இல் காட்டிலிருந்து அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட இந்த இனம், அதற்கு முன்பே பிடித்துவைக்கப்பட்ட ஓநாய்களுள் வெறும் 14இன் வழித்தோன்றல்களாகவே இன்று உயிரோடிருக்கிறது. 1987இல் வட கரோலினாவின் அலிகேட்டர் ரிவர் வனவிலங்குப் புகலிடத்தில் மீண்டும் விடப்பட்டு, 100க்கு மேல் பெருகியபின், துப்பாக்கிக்கும் வாகனங்களுக்கும் பலியாகியும் கொயோட்டி என்னும், ஓநாய்க்கு உறவான காட்டு விலங்குடன் இனங்கலந்தும் மறுபடி சரிந்தது. ஆகவே இனத்தின் பெரும்பகுதி இப்போது வேலிக்குள்தான் வாழ்கிறது.

இப்படி வேலிக்குள் வைத்து இனத்தைப் பெருக்கும் காப்பினப்பெருக்கத் திட்டத்தில் ராலே நகரிலுள்ள வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் பங்கேற்கிறது. அங்குள்ள ஓநாய்களுக்குத் தீனியிடுவதும் அடைப்பைத் துப்புரவு செய்வதும் கண்காணிப்பதும் மாணவர் குழுவின் பொறுப்பு. மனிதரைக் கண்டால் ஒதுங்கும் இயல்பைக் கெடுத்துவிடக் கூடாதென்பதால், மிச்சமிருக்கும் தீனி, மலம், நடை ஆகியவற்றைக் கொண்டே எட்ட நின்று நோயைக் கணிக்கப் பழக வேண்டும். தடவிக்கொடுக்க ஆசைப்படுபவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது என்பது என் கருத்து.

உடற்பரிசோதனையின்போது மட்டுமே நெருங்கிச் செல்கிறார்கள். மூலையில் ஒதுக்கப்பட்ட ஓநாய் பெரும்பாலும் எதிர்க்காமல் ஒடுங்கிப் படுத்துவிடும். கண்ணைத் துணியால் மூடி, வாயைக் கட்டி, மருத்துவரின் மேற்பார்வையில் எடை பார்த்து, வெறிநாய்க்கடி நோய்க்கும் டிஸ்டெம்பர் என்னும் நாய்க்குலத் தொற்றுநோய்க்கும் தடுப்பூசி போட்டு, இதயப்புழு உண்டா என்றறிய இரத்தம் எடுக்கிறார்கள். இதை விரைவாக முடித்தாக வேண்டும். பிடியில் இருக்கும் விலங்குக்கு அச்சத்தால் உடற்சூடு ஏறிவிடும்.

கேள்வி: வேலிக்குள் பிறந்த குட்டியைக் காட்டிலுள்ள தாய் ஏற்குமா?
– அதே வாசகி

பதில்: ஏற்கும்; பிறந்து ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள், அதே வயதுக் குட்டிகள் உள்ள வளையில் சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. தாய் தன் குட்டிகளோடு சேர்த்தே பாலூட்டி வளர்க்கிறது. வேலிக்குள் இருக்கும் மரபு காட்டிலுள்ள கூட்டத்தில் சேர்வதால், 14 மூதாதையரிலிருந்து வந்த இனத்தில் நெருங்கிய உறவுக் கலப்பைத் தவிர்க்க இதுவும் ஒரு வழி. பின்னாளில் அடையாளம் காண, குட்டிகளின் தோலுக்கடியில் நுண்சில்லு (மைக்ரோசிப்) பொருத்தப்படுகிறது.