கிளுவை தளிர்க்கும் பருவம்

அன்புள்ள ஐயா,

என் மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பருவங்களை வரைந்து வரும்படி பள்ளியில் சொல்லியிருந்தார்கள். இலையுதிர்காலத்துக்குச் சிவப்பும் மஞ்சளுமாக இலை கொட்டும் மரம் ஒன்றை வரைந்துவிட்டு, "அம்மா, இது நம் ஊரில் எப்போது வரும்?" என்று கேட்டாள். "நம் ஊரில் வெயில் காலம் ஒன்று, கொஞ்சம் குறைந்த வெயில் காலம் ஒன்று, இரண்டுதான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. நான் பிறந்தது மூலனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி அலுவலகத்தில் வேலை, நான்காவது மாடியில் வீடு. காற்று மாறுவதும் மழை இறங்குவதும் எனக்குத் தெரியாமலேயே நடந்து முடிந்துவிடுகின்றன. உண்மையிலேயே நமக்கு அப்படி ஒரு பருவம் கிடையாதா? இருந்தால் அவளுக்கு எதைக் காட்டுவது?

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள அம்மணி,

நீங்கள் மகளிடம் சொன்ன பதிலை நான் பலர் வாயிலும் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனம் நோகும். ஆனால் அன்று இரவு உங்களுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் இந்தப் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குழந்தையின் கேள்வியில் பிழை இல்லை. அவளுக்குக் கொடுக்கப்பட்ட பெயர்தான் நம் மண்ணுக்குப் பொருந்தாதது. அக்டோபரிலும் நவம்பரிலும் கொங்கு நாட்டில் இலை உதிர்வதில்லை, தளிர்க்கிறது. குளிர்நாடுகளில் பகல் சுருங்கிக் குளிர் ஏறும்போது மரம் பச்சையம் தயாரிப்பதை நிறுத்திக்கொள்கிறது. அதுவரை பச்சைக்குள் ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சில மரங்களில் சிவப்பு புதிதாக ஊறுகிறது. நம் மரங்களுக்குக் குளிரால் தொல்லை இல்லை. அவற்றின் கவலையெல்லாம் தண்ணீர்தான். மண்ணில் ஈரம் வற்றத் தொடங்கும் மாசி, பங்குனியில்தான் அவை இலையைக் கொட்டுகின்றன. உங்கள் மகள் வரைந்த சிவப்பு இலையும் நம்மிடம் இருக்கிறது. தை, மாசியில் ஏதாவது ஒரு பள்ளிக்கூட மைதானத்துப் பாதாம் மரத்தடிக்கு அழைத்துப் போங்கள். செங்கல் நிறத்தில், உள்ளங்கையைவிடப் பெரிய இலைகள் கிடக்கும். அவள் படத்தை அழிக்க வேண்டாம், மாதத்தை மட்டும் மாற்றி எழுதினால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை இரண்டுக்கும் தமிழில் கூதிர் என்று பெயர். ஏட்டுச் சொல்லாகத் தோன்றும். ஆனால் உங்கள் அம்மாவோ அம்மிச்சியோ விடிகாலையில் "கூதலாக இருக்கிறது, போர்த்திக்கொள் கண்ணு" என்று சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்கள். அந்தக் கூதலும் இந்தக் கூதிரும் ஒரே வேர். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான ஒரு பருவப் பெயரைப் பேச்சில் வைத்துக்கொண்டே, நமக்குப் பருவம் இல்லை என்கிறோம்.

எங்கள் வெள்ளகோவிலில் இந்தப் பருவம் ஓர் அமைதியோடு தொடங்குகிறது. அதற்கு முன்னால் இருக்கும் இரைச்சலை நீங்கள் அறிவீர்கள். மேற்கு மலைத்தொடரில் பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு அப்பாலேயே இறக்கிவைத்துவிட்டு, வெறும் காற்றாக அந்த வாசல் வழியே நம் மேல் பாய்கிறது. ஆனியில் பிடித்தால் ஆவணி தாண்டியும் விடாது. எங்கள் வீட்டில் மேற்குப் பார்த்த ஜன்னல் கதவுகளைக் கயிறு போட்டுக் கட்டிவிடுவோம். கொடியில் துணி காயப்போடும் பெண்கள் கிளிப்பை நம்ப மாட்டார்கள், முடிச்சே போடுவார்கள். பஸ் நிலையத்து டீக்கடையில் அடுப்புக்கு மேற்கே ஒரு தகரத்தை நிறுத்திக் கல்லை முட்டுக்கொடுத்திருப்பார்கள். அந்த மாதங்களில் நாங்கள் எல்லோருமே கொஞ்சம் உரக்கத்தான் பேசுவோம். அப்படிப் பேசுகிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது.

பிறகு புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் அது நின்றுவிடும். நிற்கும்போது யாரும் கவனிப்பதில்லை. இரண்டு தெரு தள்ளி ஓடும் விசைத்தறியின் சத்தம் திடீரென்று வீட்டுக்குள் கேட்கும். அடுத்த வீட்டுக் குக்கர் விசில் நம் சமையலறையில் அடித்ததுபோல் இருக்கும். மதியம் மூன்று மணிக்கு வேப்பமரம் ஓர் இலைகூட அசையாமல் நிற்கும். புழுக்கம் தாங்காது. பஸ் நிலையத்தில் தகரம் சுவரோரம் சாய்ந்திருக்கும். இந்த நாட்கள் எனக்கு ஆண்டின் மற்ற எல்லா நாட்களையும்விட முக்கியமானவை. மேற்கே பார்த்துக்கொண்டிருந்த ஊர் கிழக்கே திரும்புவதற்கு முன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப்போல் இருக்கும்.

திரும்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காங்கேயத்திலிருந்து ஊதியூர் வழியாகத் தாராபுரம் போகும் பக்கங்களில் காற்றாலைகள் தெரியும். ஆடியில் அவை அத்தனையும் மேற்கே முகம் வைத்துச் சுழலும். இடையில் சில நாட்கள் இறக்கைகள் அசையாமல் நிற்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் அக்டோபர் 20, அதாவது ஐப்பசி பிறந்த முதல் வாரம். அதையொட்டிக் கொண்டல் என்னும் கீழ்க்காற்று எழுந்ததும் அதே காற்றாலைகள் கிழக்கே முகம் திருப்பியிருக்கும். எட்டு வயதுக் குழந்தைக்கு இதைவிடத் தெளிவாகப் பருவமாற்றத்தைக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆவணியில் ஒருமுறையும் கார்த்திகையில் ஒருமுறையும் அதே இடத்தில் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் போதும்.

கொண்டல் எல்லோருக்கும் மகிழ்ச்சி தருவதில்லை. இதையும் அவளிடம் சொல்லுங்கள். எங்கள் ஊரைச் சுற்றியும் காங்கேயத்திலும் கொப்பரைக் களங்கள் நிறைய. உடைத்த தேங்காயைப் பரப்பிக் காயவைக்கும் ஆட்கள் ஐப்பசி பிறந்தால் கிழக்குப் பார்த்தபடியேதான் வேலை செய்வார்கள். அங்கே கருக்கல் கட்டினால் ஓடிவந்து கூட்டி அள்ளித் தார்ப்பாய் போட வேண்டும். நனைந்தால் பூசணம் பிடிக்கும், விலை போகாது. மழை நாளில் களத்தில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. நம் வீட்டு ஜன்னலில் அழகாக இறங்கும் மழை அவர்கள் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வருகிறது.

இனி கிளுவையைப் பற்றி. உங்கள் தோட்டத்து வேலி கிளுவையாகத்தான் இருந்திருக்கும். சித்திரையில் அதைப் பார்ப்பவர்கள் செத்த குச்சிகளை நட்டுவைத்திருக்கிறார்கள் என்றே நினைப்பார்கள். இலை ஒன்று இருக்காது, முள்ளும் உரிந்து தொங்கும் பட்டையும்தான். ஐப்பசியில் இரண்டு நல்ல மழை விழட்டும். கணுவுக்குக் கணு பச்சைப் புள்ளி வைக்கும். ஒரு வாரத்தில் வேலி முழுக்க இலை. கிள்ளிக் கசக்கினால் ஒரு மணம் வரும். ஆடு மேய்த்த கைகளுக்கு அந்த மணம் மறக்காது. வேலிக்கு உள்ளே கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் எழும்பி, வெள்வேல மரத்தடியில் காங்கேயம் மாடுகள் தலை நிமிராமல் மேயும். மழை மறைவுப் பகுதியில் வாழும் நமக்கு ஆண்டின் புது வருகை இதுதான். உலகத்தின் வேறு பக்கங்களில் மரங்கள் மூடிக்கொள்ளும் மாதத்தில் நம் வேலிகள் திறந்துகொள்கின்றன.

என் அம்மா மறைந்த ஆண்டில் இந்தப் பருவம் எனக்கு முழுதாகத் தவறிப்போனது. புரட்டாசியில் அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். ஜன்னல் திறக்காத அறை, எப்போதும் ஒரே குளிர், ஒரே விளக்கு வெளிச்சம். ஐப்பசி முழுதும் அங்கேயே போயிற்று. வெளியே மழை பெய்ததை, அம்மாவைப் பார்க்க வருபவர்களின் ஈரச் செருப்பைக் கொண்டுதான் அறிவேன். "காற்று மாறிவிட்டதா?" என்று அம்மா ஒருநாள் கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் என்பது இப்போதும் என்னை வருத்துகிறது. மாறிவிட்டது என்று பார்க்காமலேயே சொன்னேன். கார்த்திகை முதல் வாரத்தில் அவரைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனபோது வண்டிக்குள் இருந்து பார்த்தேன், தோட்டங்களுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதையின் இரண்டு பக்கமும் வேலி பச்சையாக இருந்தது. அவர் இல்லாமல் தளிர்த்திருந்தது. அன்றிலிருந்து ஆண்டுதோறும் முதல் தளிர் விட்ட நாளை நாட்காட்டியில் குறித்துவைக்கிறேன்.

மூலனூர் உங்கள் ஊர் என்பதால் கண்வலிக்கிழங்கைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் உங்கள் மகளுக்குச் சொல்ல வேண்டும். நம் மாநில மலரான செங்காந்தள் அதுதான் என்று அவளுக்குப் பாடத்தில் வந்திருக்கும். அம்மாவின் ஊரில் அது கம்பி கட்டி ஏக்கர் கணக்கில் பயிராகிறது என்பது பாடத்தில் இருக்காது. ஆடியையொட்டி நட்ட கிழங்கு கொடியாகி, இலை நுனியையே பற்றுக்கம்பியாகச் சுருட்டிப் பிடித்து ஏறி, ஐப்பசி கார்த்திகையில் பூக்கும். பூ முதலில் பச்சை, பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், வாடும்போது முழுச் சிவப்பு. அவள் வண்ணப் பென்சில்கள் எல்லாவற்றுக்கும் அதில் வேலை உண்டு. சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் வளைந்து நிற்பதால் காய் நன்றாகப் பிடிக்க மனிதக் கை வேண்டியிருக்கிறது. காலை நேரத்தில் பெண்கள் வரிசைக்கு வரிசை நடந்து ஒவ்வொரு பூவாக மகரந்தத்தைத் தொட்டுவைத்துக்கொண்டே போவார்கள். அந்தக் காட்சியை அவள் ஒருமுறை பார்த்தால் போதும். விதை மருந்துக்குப் போகிறது. ஆனால் செடி முழுதும் நஞ்சு. தொட்ட கையை வாயில் வைக்க விடாதீர்கள்.

திருப்பூர் நான்காவது மாடியிலிருந்து என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நிறையத் தெரியும். மொட்டைமாடியில் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று தினமும் பார்க்கச் சொல்லுங்கள். சூரியன் மறையும் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். ஆனியில் மறைய 6.50 ஆனது. கார்த்திகையில் 6 மணிக்கு முன்பே மறைந்துவிடும். ஆண்டின் நீண்ட இரவு மார்கழியில் வந்தாலும் சூரியன் மிக முன்னதாக மறைவது கார்த்திகையில்தான் என்பதை அவளே தன் நோட்டில் கண்டுபிடிப்பாள். மேகம் மூடி மாலை எது என்றே தெரியாத நாட்களில், பிச்சி அரும்புகள் விரிந்து மணப்பதை வைத்துப் பெண்கள் பொழுதறிந்து விளக்கேற்றியதாகச் சங்கப் பாட்டான நெடுநல்வாடை சொல்கிறது. தொட்டியில் ஒரு பிச்சிக்கொடி வையுங்கள். கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

வண்ணத்துப்பூச்சிகளையும் கவனியுங்கள். கறுப்பு இறகில் வெளிர்நீலக் கோடு போட்டவை இந்த மாதங்களில் கிழக்கு மலைகளிலிருந்து நம் சமவெளியைக் கடந்து மேற்கு மலைகளை நோக்கிக் கூட்டமாகப் போகும். நெரிசலான சாலைக்கு மேலேயும் போகும். நிமிர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு கறிக்கடை வரிசையையும், தீபாவளிக்கு முந்தின இரவு திருப்பூர் பஸ் நிலையத்தையும், மறுநாள் வெறிச்சோடிய தெருவையும்கூட நான் பருவத்தின் கணக்கில்தான் வைப்பேன். அவற்றை நீங்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை மூலனூருக்கு அழைத்து வாருங்கள். காங்கேயம், வெள்ளகோவில் வழியாக வந்தால் எங்கள் வீட்டிலும் இறங்கிப் போகலாம்.

இன்று புரட்டாசி 28. நேற்று மாலை வரை காற்று மேற்கிலிருந்துதான் வந்தது, வேகம் குறைந்து, விட்டுவிட்டு. இதை எழுதத் தொடங்கியபோது விசைத்தறிச் சத்தம் கேட்டது. எழுந்து போய் ஜன்னல் கதவின் கயிற்றை அவிழ்த்தேன். கதவு விட்ட இடத்திலேயே நிற்கிறது.