ஸ்டீஃபன் கிங்கை எந்த நாவலில் தொடங்குவது?

வணக்கம். அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீஃபன் கிங்கின் ‘இட்’ நாவலைப் பாதியில் மூடிவிட்டதாகவும், பாத்திரங்களின் கூட்டத்தில் அச்சமே ஏற்படவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ஆயிரம் பக்கங்களைத் தாண்டி, இரு காலங்களில் மாறி மாறிச் செல்லும் அந்த நூல் முதல் வாசிப்புக்கு ஏற்றதன்று. 1987இல் வெளிவந்த ‘மிசரி’யைப் படியுங்கள், அதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை, விபத்தில் கால்கள் நொறுங்கிய எழுத்தாளர் ஒருவரும், அவரைத் தன் வீட்டில் அடைத்துவைத்துத் தனக்காக நாவல் எழுதச் சொல்லும் முன்னாள் செவிலியுமே முழுக்க நிறைந்திருக்கிறார்கள். ஏற்கெனவே ஓர் எழுத்து இல்லாமல் வந்த பழைய தட்டச்சுப்பொறியில் மேலும் சில எழுத்துகள் உதிர்ந்துபோவது எந்த ஆவியைவிடவும் எனக்குக் கிலியூட்டியது. அடுத்து ‘தி ஷைனிங்’. என் மனத்துக்கு மிக நெருக்கமானது ‘பெட் செமட்டரி’ என்றாலும், வீட்டில் கைக்குழந்தை இருப்பதாகச் சொல்லியிருப்பதால், அதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.