வெள்ளிக்கிழமைக் கூட்டம் தவறாது, நடை மட்டும் மூன்றே நாளில் நின்றது

வணக்கம் மேடம். எனக்கு 44 வயது. கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் மளிகைக்கடை வைத்திருக்கிறார், பையன் கல்லூரியில், பொண்ணு பிளஸ் டூ, அத்தையும் எங்களோடுதான். போன சித்திரையில் சர்க்கரை பார்த்தபோது மூன்று மாத சராசரி 6.2 என்று வந்தது. இன்னும் சர்க்கரை நோய் வரவில்லை, ஆனால் வாசல் வரைக்கும் வந்துவிட்டது, மாத்திரை இப்போது வேண்டாம், தினம் முக்கால் மணி நேரம் நடங்கம்மா என்றார் டாக்டர்.

எங்கள் அம்மாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. போன வருஷம் வலது கால் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் நான்தான் பக்கத்தில் இருந்தேன். அதனால் நடக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

ஈரோடு போனபோது ஷூ வாங்கினேன். மறுநாளே ஐந்தரைக்கு எழுந்து வாய்க்கால் மேட்டில் நடந்தேன். மூன்று நாள். முதல் நாள் பால் ஊற்றப் போனவர் வண்டியை நிறுத்தி, "ஏனுங்க அம்மணி, ஆருக்காச்சும் ஒடம்பு செரியில்லைங்களா, இந்நேரத்துல இப்படி வேகமாப் போறீங்க?" என்று கேட்டார். இரண்டாம் நாள் நாய் துரத்தியது. மூன்றாம் நாள் தெரியாத ஆள் ஒருவன் பைக்கை மெதுவாக ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான். ஒன்றும் பேசவில்லை. பாலத்தடியில் அக்காக்கள் துணி துவைத்துக்கொண்டிருந்த இடம் வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். அதை வீட்டில் சொல்லவில்லை. அதோடு நின்றுவிட்டது. ஷூ இப்போது அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது, வடிவம் கெடாமல் இருக்கட்டும் என்று முனையில் காகிதத்தைத் திரும்பத் திணித்து வைத்தேன்.

"குனிஞ்சு நிமிந்து ஊட்டு வேலை செஞ்சாப் போதும், எங்க காலத்துல ஆரு இப்படி நடந்தாங்க" என்கிறார் அத்தை. "மனசு வெச்சா முடியும், உனக்கு மனசில்லை" என்கிறார் வீட்டுக்காரர். அதுதான் வலிக்கிறது. நான் சோம்பேறி இல்லை மேடம். மகளிர் குழுவில் நான்தான் பொருளாளர், ஒன்பது வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டம்கூடத் தவறியதில்லை, காய்ச்சலோடும் போயிருக்கிறேன். கோயில் மைதானத்தில் சாயங்காலம் வள்ளி கும்மி பழகுகிறார்கள், ஆசையாகப் போய் நின்று பார்ப்பேன், இந்த வயதில் ஆடினால் என்ன சொல்வார்களோ என்று திரும்பிவிடுவேன். ராத்திரி படுத்தால் அம்மாவின் கால்தான் கண்ணுக்குள் வருகிறது. என் மனசு திடமாக ஒரு வழி சொல்லுங்கள்.

*

அன்புள்ள அம்மணி,

நானும் ஈரோட்டுப் பக்கத்துக்காரிதான், அதனால் இப்படியே கூப்பிடுகிறேன்.

முதலில் அந்தப் பைக். அதை இரண்டு வரியில் சொல்லிவிட்டு ஷூவுக்குப் போய்விட்டீர்கள், நான் அங்கேயே நின்றுவிட்டேன். விடியாத நேரத்தில் ஆளில்லாத வாய்க்கால் மேட்டில் ஒருவன் பின்னால் வந்தால் எந்தப் பெண்ணும் மறுநாள் அங்கே போகமாட்டாள். மனசில்லாமல் நீங்கள் நிற்கவில்லை, பயந்து நின்றீர்கள், அந்தப் பயம் சரியானது. வீட்டுக்காரருக்கு இது தெரியாது, தெரியாததால்தான் மனசில்லை என்கிறார். அவரிடம் சொல்லுங்கள். "போகாதேன்னு நீங்க சொல்றதுக்காகச் சொல்லலைங்க, துணையோட போறதுக்கு வழி பண்ணத்தான் சொல்றேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டு அப்புறம் நடந்ததைச் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, போனில் சேமித்து வையுங்கள்.

சரி, மனசுக்கு வருவோம். காய்ச்சலோடு கூட்டத்துக்குப் போகிற உங்களுக்கு மனத்திடம் இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அங்கே ஏன் தவறாமல் போகிறீர்கள்? நீங்கள் வராவிட்டால் கணக்கு நோட்டு எங்கே என்று தேடுவார்கள், யாராவது வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார்கள், பாயை விரித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் உங்களுக்காக உட்கார்ந்திருப்பார்கள். வாய்க்கால் மேட்டில் உங்களுக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை, நாலாம் நாள் நீங்கள் வராததை ஒருவரும் கவனிக்கவும் இல்லை. இரண்டு இடத்துக்கும் போனது ஒரே மனசுதான் அம்மணி, இங்கே துணை இல்லை.

உங்களைப் போலத்தான் பெரும்பாலான பெண்கள். 2024ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வின்படி, 2022ல் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குப் போதுமான உடல் உழைப்பு இல்லை, ஆண்களில் அது 42. பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஒரே நேரத்தில் மனசு கெட்டுப்போகுமா? பெரிய மனுஷி ஆனதும் ஓடக்கூடாது, கல்யாணமானதும் காரணமில்லாமல் தெருவில் நடக்கக்கூடாது, கடைக்கும் கோயிலுக்கும் போகலாம், தனக்காக மட்டும் போனால் "எங்கே போறீங்க" என்ற கேள்வி. நாற்பது வயதில் டாக்டர் ஒரே வரியில் நடங்கம்மா என்றால் அத்தனையும் அன்றே மாறிவிடாது.

அத்தை சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, அதை அவரிடமே சொல்லுங்கள், சண்டை குறையும். எந்த அசைவும் கணக்கில் சேரும் என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் சொல்கிறது. ஆனால் அவர் காலத்தில் உரலும் அம்மியும் கிணறும் இருந்தன, காட்டுக்குப் போகவர நடை இருந்தது. இப்போது மிக்ஸியும் மோட்டாரும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற அளவுக்கு மூச்சு வாங்கவேண்டும். உங்கள் டாக்டர் சொன்ன முக்கால் மணி உங்களுக்கான இலக்கு, ஆனால் பத்து நிமிடத்தில் தொடங்கினாலும் அது வீண் இல்லை.

நடந்தால் மாறுமா என்று உள்ளூர ஒரு சந்தேகம் இருக்கும். 2006ல் வெளிவந்த சென்னை ஆய்வு ஒன்று உங்களைப் போல வாசலில் நின்றவர்களை வைத்துத்தான் நடந்தது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு மூன்று வருஷத்துக்குள் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடையையும் சாப்பாட்டையும் மாற்றியவர்களில் 39 பேருக்கு. பூஜ்யம் ஆகவில்லை, ஆனால் நூற்றில் பதினாறு பேர் தப்பித்தார்கள். சாப்பாடும் சேர்ந்துதான், அதனால் தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் காயையும் பருப்பையும் கூட்டுங்கள்.

இப்போது துணை. மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் 1989ல் தர்மபுரியில் தொடங்கின. தனியாகக் கடன் கேட்டால் கிடைக்காத பெண்கள் சேர்ந்து கேட்டபோது கிடைத்தது. உங்கள் நோட்டுக்கு நடையும் புதிதாக ஒரு பக்கம், அவ்வளவுதான். வரும் வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எழுந்து "எல்லாரும் நடக்கலாமா" என்று மட்டும் கேட்காதீர்கள். ஆமாங்க ஆமாங்க என்பார்கள், காலையில் ஒருவரும் வரமாட்டார்கள். கூட்டம் முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில், உங்கள் வீதியிலேயே இருக்கிற இரண்டு பேரைத் தனியாகக் கேளுங்கள். "உங்க ஒடம்புக்கு நல்லது" என்று ஆரம்பித்தால் அவருக்கு நோயாளி என்று பேர் வைத்ததாகிவிடும். "எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு, துணைக்கு வாங்க" என்று கேளுங்கள். உதவி என்று கேட்டால் நம் பக்கத்துப் பெண்கள் மறுப்பது அபூர்வம்.

மூன்று பேர் வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டு பேர் என்றால் ஒருத்தி வளைகாப்புக்குப் போன அன்று இன்னொருத்தியும் படுத்துவிடுவாள். ஐந்தரை வேண்டாம், வெளிச்சம் வந்தபின் கிளம்புங்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கூப்பிட்டுக்கொண்டு போங்கள், கையில் ஒரு குச்சி இருக்கட்டும், நாய்க்கு. எடை எவ்வளவு குறைந்தது என்று ஒருவரை ஒருவர் கேட்கவேண்டாம், அதில்தான் பல கூட்டு நடைகள் உடைந்துபோகின்றன. முகூர்த்த மாதத்தில் நடை நிற்கும், ஒரு கேதம் வந்தால் நிற்கும். நின்றதற்கு வருத்தப்படாமல் அடுத்த திங்கட்கிழமை வாசலில் போய்க் கூப்பிடுங்கள்.

துணை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1007 பேரை வைத்து, உள்ளூர்க்காரர்களையே குழுத் தலைவர்களாகப் பழக்கி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இரண்டு வருஷ முடிவில் சர்க்கரை நோய் வந்தவர்கள் கொஞ்சம் குறைவுதான், உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆனால் காய்கறியும் பழமும் கூடின, வாழ்க்கைத் தரம் மேலாக இருந்தது. அதனால் துணை உங்களை வீட்டை விட்டு வெளியே கொண்டுவரும், ரத்தப் பரிசோதனையை டாக்டர் சொன்ன தேதியில் நீங்கள்தான் எடுக்கவேண்டும். நடக்கும்போது நெஞ்சு அழுத்தினாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள்.

வள்ளி கும்மியைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதைப் படித்தபோது எனக்கு ரொம்பச் சந்தோஷம். மேட்டுப்பாளையம் பக்கத்து பத்திரப்பன் ஐயா இந்தக் கும்மிக்காக 2024ல் பத்மஸ்ரீ வாங்கினார், 87 வயதில். ஆண்கள் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர். அரை மணி ஆடிப் பாருங்கள், வாய்க்கால் மேட்டு நடைக்குக் குறையாமல் மூச்சு வாங்கும். வரிசையில் ஆடுகிறவர்களில் யார் அடி தப்பியது என்று யாருக்கும் தெரியாது, எல்லாரும் தன் காலைப் பார்ப்பதில் இருப்பார்கள். பொண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அம்மாவின் கால். உங்கள் அம்மாவின் காலத்தில் வீடு தேடி வந்து சர்க்கரை பார்க்க யாரும் இல்லை, அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டமே 2021ல்தான் வந்தது. நீங்கள் 6.2லேயே தெரிந்துகொண்டீர்கள். அந்தக் காலைப் பார்த்துக்கொண்ட கை உங்களுடையது, பயம் வராமல் இருக்குமா? ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் கெட்டால் அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம், செலவில்லை.

டிரம்முக்குப் பின்னால் இருக்கிற ஷூவை வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே வெளியே எடுங்கள். ரொம்ப நாள் அப்படியே கிடந்தால் அடிப்பகுதிப் பசை விட்டிருக்கும், வளைத்துப் பாருங்கள். விட்டிருந்தால் ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பட்டை வைத்த செருப்பே போதும். அந்த இரண்டு பேர் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.