லிம்பெட்: பெயரும் பிடியும் (கேள்வி பதில்)

கேள்வி: லிம்பெட் சிப்பி வகையா, நத்தை வகையா?

பதில்: நத்தைதான், கடலோரப் பாறையை இறுகப் பிடித்து ஒட்டிக்கொண்டு வாழும் நத்தை. ஓடு சுருளாமல் கூம்பாக இருப்பதால் சிப்பியோ என்று தோன்றும். திருப்பிப் பார்த்தால் அகன்ற தசைப் பாதமும் தலையும் இரண்டு உணர்கொம்புகளும் தெரியும்.

கேள்வி: இந்தப் பெயருக்கும் லாம்ப்ரே மீனுக்கும் சம்பந்தம் உண்டாமே?

பதில்: உண்டு. பழைய ஆங்கிலத்தில் இதன் பெயர் 'லெம்பெடு'. அது இடைக்கால லத்தீனின் 'லாம்ப்ரெடா'விலிருந்து வந்தது என்பதே பொதுவாக ஏற்கப்படும் கருத்து. அதே சொல் பிரெஞ்சு வழியாகப் போய் 'லாம்ப்ரே' ஆனது. லாம்ப்ரே என்பது விலாங்கு போல நீண்ட, தாடையில்லாத மீன்; வாயாலேயே கல்லைக் கவ்விக்கொள்ளும். உருவத்தில் துளிகூட ஒற்றுமை இல்லாத இரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்ததற்கு அந்தப் பிடிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

'லாம்பெரே' என்றால் நக்குதல், 'பெட்ரா' என்றால் பாறை, ஆக 'பாறைநக்கி' என்று ஒரு விளக்கமும் சொல்வார்கள். அது ஒலி ஒற்றுமையை வைத்துப் பிற்பாடு கட்டிய கதை என்றே பலர் கருதுகிறார்கள். ஆனாலும் லாம்ப்ரேயைவிட லிம்பெட்டுக்குத்தான் அது அச்சாகப் பொருந்துகிறது. பாறையைச் சுரண்டிப் பாசி தின்பதுதானே அதன் பிழைப்பு!

கேள்வி: சார், என் முழங்கால் எக்ஸ்ரே அறிக்கையில் 'பட்டெல்லா' என்று இருந்தது. லிம்பெட்டின் அறிவியல் பெயரும் அதுதானா?

பதில்: அதேதான். லத்தீனில் சிறு தட்டு என்று பொருள். முழங்கால் சில்லும் லிம்பெட் ஓடும் அந்த வடிவம்தான். 1758-இல் உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் என்ற அறிஞர் ஐரோப்பாவின் சாதாரண லிம்பெட்டுக்கு 'பட்டெல்லா வல்காட்டா' என்று பெயர் வைத்தார்.

கேள்வி: லிம்பெட் குண்டு?

பதில்: இரண்டாம் உலகப் போரில் வந்தது. கப்பலின் அடிப்பகுதியில் காந்தத்தால் ஒட்டவைக்கும் வெடி. 1942 டிசம்பரில் பிரிட்டிஷ் வீரர்கள் சிறு படகுகளில் துடுப்புப் போட்டுப் போய், பிரான்சின் போர்டோ துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் இதைப் பொருத்தினார்கள்.

கேள்வி: ஒன்றைப் பெயர்த்து வேறு பாறையில் வைத்தால் ஒட்டிக்கொள்ளாதா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பல லிம்பெட்டுகளுக்குப் பாறையில் சொந்த இடம் உண்டு. இரை தேடிப் போய்விட்டு, தான் விட்டுச்சென்ற வழவழப்பான தடத்தைப் பிடித்து அதே இடத்துக்குத் திரும்பும். பாறை மென்மையானால் ஓட்டின் விளிம்பு பாறையை அரைத்துப் பள்ளமாக்கும். கடினமானால் விளிம்பே பாறையின் மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தேயும். அதனால் அந்த ஓடு அந்த இடத்தில் மட்டுமே இடைவெளியின்றிப் பொருந்தும். வேறு இடத்தில் வைத்தால் விளிம்பின் கீழே சந்து விழும். கடல் வற்றும்போது உள்ளே தேக்கிய ஈரம் போய்விடும், நண்டும் பறவையும் நெம்பிவிடும். அப்புறம், பெயர்க்கும்போதே பாதம் கிழிந்துபோகலாம். லேசாகத் தட்டினாலே அது இறுக்கிக்கொள்வதைப் பார்க்கலாம், அது போதும்.

கேள்வி: பாறையைச் சுரண்டினால் பல் தேயாதா?

பதில்: தேயும், பின்னாலிருந்து புது வரிசை வந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்தப் பல் சாதாரணமானதல்ல. கோதைட் என்ற இரும்புக் கனிம இழைகள் அதில் நிறைந்திருக்கும். 2015-இல் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தபோது, சிலந்தி நூலைவிட அதிக இழுவலிமை அதற்கு இருந்தது.