ரூன் எழுத்து பொறித்த பதக்கம் போட்டால் நாஜி ஆதரவாளர் என்று அர்த்தமா?

அப்படி இல்லை, ஆனால் எந்த எழுத்து என்று பாருங்கள். ரூன்கள் வடக்கு ஐரோப்பியரின் பழைய எழுத்துகள். சுவீடனின் கோட்லாந்துத் தீவில் கிடைத்த கைல்வர் கல்லில், சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன், நம் அரிச்சுவடி மாதிரி அவற்றை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் போனின் புளூடூத் குறிகூட இரண்டு ரூன்களின் பிணைப்புதான்.

மின்னல் போல் வளைந்த ‘ஸ்’ எழுத்தின் பழைய பெயருக்குச் சூரியன் என்று பொருள். ஆஸ்திரிய எழுத்தாளர் கீடோ ஃபான் லிஸ்ட் 1900களின் தொடக்கத்தில் அதற்கு ‘வெற்றி’ என்று புதுப்பொருள் கட்டினார். ஹிட்லரின் எஸ்.எஸ். படை அதை இரட்டையாக்கிச் சட்டைக் காலரில் தைத்துக்கொண்டது. பரம்பரைச் சொத்தைக் குறித்த ‘ஓதலா’ என்ற ரூனை 2016-இல் அமெரிக்க நவநாஜி அமைப்பு ஒன்று ஸ்வஸ்திகாவுக்குப் பதிலாக எடுத்துக்கொண்டது.

இது அப்பட்டமான திருட்டு. ஐஸ்லாந்தில் 1972-இல் தொடங்கிய ஆசாத்ரு சங்கத்தார் வடக்கு ஐரோப்பியரின் பழைய தெய்வங்களை இன்றும் வணங்குகிறார்கள். இனவெறியை வெளிப்படையாக எதிர்க்கிறார்கள். இரட்டை மின்னலை மட்டும் தொடாதீர்கள்.